இரண்டு வீட்டில் ஓர் எண்

கருவியின் அடையாள எண்ணைத் தேடப் போன இடத்தில்தான் தங்கபுஷ்பம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்வண்ணனின் போனுக்கு 'தெளிவிழி' நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மென்பொருளின் புதிய பதிப்பு வருகிறதாம். ஏழு நாளுக்குள் கருவியின் அடையாள எண்ணைப் பதிந்து உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் கருவி நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. சின்ன எழுத்து அவனுக்குப் பிடிபடாது. அதனால் போனை அவளிடம் நீட்டி, பார்த்துச் செய்துவிடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

பால்வண்ணனுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டாசு ஷெட்டில் நடந்த தீ விபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அந்த ஷெட்டே அனுமதியில்லாதது. விபத்து நடந்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை. நாலு வருஷம் சுவரைத் தடவித் தடவி நடந்தான். பிறகு மதுரையில் ஒரு மருத்துவ முகாமில் கண்ணுக்குப் பின்னால் நரம்போடு சேர்த்து ஒரு கம்பியை வைத்தார்கள். மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு சட்டம், அதில் குட்டிக் கேமரா. காதுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. கேமரா பார்ப்பதைப் பெட்டி நரம்புக்குச் சொல்லும். கறுப்பு வெள்ளையில், பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல உலகம் தெரியும். தெரிந்த முகம் எதிரே வந்தால் காதுக்குள் பேரைச் சொல்லும். அது போதுமாக இருந்தது. காலண்டர் பிரஸ்ஸில், தாள்களின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடிக்கும் மெஷினில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். விரலுக்கும் மெஷினுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரிய வேண்டிய வேலை அது.

எண் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் என்று செய்தியில் போட்டிருந்தது. ஒட்டியிருந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. வியர்வையில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனில் செயலிக்குள் போய்த் தேடினாள். அமைப்பு, கருவி விவரம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தபோது 'அறிந்த முகங்கள்' என்ற பக்கம் வந்தது. அவன் கண்ணுக்குப் பழக்கிவைத்த முகங்களெல்லாம் படத்தோடு வரிசையாக இருந்தன. அவள் படத்துக்குக் கீழே 'புஷ்பம்' என்றிருந்தது. பிரஸ் முதலாளி, டீக்கடைக்காரர், அவள் தங்கச்சி. அதற்கும் கீழே ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் மாவு அப்பியிருந்தது. படத்துக்குக் கீழே 'மனைவி' என்று இருந்தது.

அடுத்த படத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. 'சின்னவள்'.

பால்வண்ணனுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தங்கபுஷ்பம் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே எண் இருந்தது. இருபது எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டாள். வெளியே வந்த பால்வண்ணன் எண் கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது, நாளைக்கு அலுவலகத்திலேயே போய்ப் பதிந்துவிடுகிறேன் என்றாள். அவன் தலை துவட்டிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. வேண்டாம், போனிலேயே பண்ணிக்கலாம் என்றான். ஏன் அவசரமாக வேண்டாம் என்கிறான் என்று அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அவனைக் கவனித்தபடியே இருந்தாள். மாசத்துக்கு ஒரு தடவை மருந்து வாங்கக் கோவில்பட்டிக்குத் தனியாகப் போகிறான். சாத்தூரில் கிடைக்காத மருந்தா? போன தீபாவளிக்கு முதல் நாள் வரத் தாமதமானதற்கு பஸ் கிடைக்கவில்லை என்றான். பார்வையில்லாத நாலு வருஷமும் கழிவறை வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அவள். கண் வந்ததும் அது முதலில் யாரைப் பார்க்கப் போனது? சோறு போடும்போது வழக்கம்போல அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். காதுக்குள் அது என்ன பேர் சொல்லியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவள் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு விருதுநகரில் இருந்த தெளிவிழி அலுவலகத்துக்குப் போனாள். உரிமப் பிரிவில் ரெஜினா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசும் பழக்கம். எண்ணை அடித்துப் பார்த்தவள் மறுபடியும் ஒருமுறை அடித்தாள்.

"அக்கா, இந்த எண் ரெண்டு இடத்துல ஓடுது. ஒண்ணு சாத்தூர். இன்னொண்ணு எட்டயபுரம்."

தங்கபுஷ்பத்துக்கு விளங்கவில்லை. ரெஜினா பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே இருக்கும் சிப், மின்கலம், கேமரா எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் உண்டாகும். மனுஷனுக்குக் கைரேகை மாதிரி. அந்த எண்ணுக்குத்தான் உரிமம். யாரோ ஒரு பெட்டியின் எண்ணை இன்னொரு பெட்டிக்கு ஏற்றியிருக்கிறார்கள். நிறுவனத்தின் கணினிக்கு ரெண்டும் ஒரே பெட்டி. ஆகையால் அது பழகிய முகங்களும் இது பழகிய முகங்களும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன.

"அப்ப முகப்பட்டியல்ல மனைவின்னு இருக்குற அந்தப் பொம்பளை?"

"அது அந்த எட்டயபுரத்துக்காரர் வீட்டம்மாவா இருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு அவங்க யாருன்னே தெரியாது. ஒண்ணு நிஜப் பெட்டி, ஒண்ணு திருட்டு. நீங்க புகார் எழுதிக் கொடுத்தா மூணு நாள்ல ஆள் வந்து ரெண்டு பெட்டியையும் திறந்து பார்ப்பாங்க. திருட்டுப் பெட்டியை நிறுத்திருவாங்க."

தங்கபுஷ்பத்துக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. அந்த நிம்மதியிலேயே எவனோ தன் புருஷன் கண்ணைத் திருடிவிட்டான் என்ற கோபமும் வந்தது. ரெஜினா நீட்டிய காகிதத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது பால்வண்ணன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் வெளுத்தது.

"உன்னை யார் அங்க போகச் சொன்னா?" என்றான். இத்தனை வருஷத்தில் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. காதுக்குப் பின்னாலிருந்து பெட்டியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறங்கியது மறுபடி ஏறி நெஞ்சில் உட்கார்ந்தது. ரெஜினா சொன்னதும் கதையாக இருக்கக்கூடும். எண்ணும் சிப்பும் அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் அவன் முகம்தான். அந்த முகம் எதையோ மறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோவில்பட்டி பஸ் ஏறினாள். அங்கிருந்து எட்டயபுரம். அந்தச் சின்னவள் படத்தில், பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு போர்டில் பாதி தெரிந்திருந்தது. '...முத்து மாவு மில்'. பஸ் நிறுத்தத்தில் பழக்கடைக்காரரிடம் கேட்டதும், சுடலைமுத்து மில்லா என்று கையைக் காட்டினார்.

மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே நெடி மூக்கில் ஏறியது. உள்ளே பெல்ட் ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடிச் சட்டம், காதுக்குப் பின்னால் பெட்டி. கல்லாவில் உட்கார்ந்திருந்தது படத்தில் பார்த்த அதே பெண். தங்கபுஷ்பம் வாசற்படியில் கால் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் அவள் பக்கம் திரும்பினார்.

"புஷ்பம்," என்றார்.

கல்லாவிலிருந்த பெண் எழுந்து நின்றாள். மில் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. புருஷனைப் பார்த்தாள், வந்தவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"அப்ப நீதானா அது?" என்றாள்.

அவள் பார்வையைத் தங்கபுஷ்பத்துக்கு அடையாளம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தன் கண்ணிலும் இருப்பது அதுதான்.

கல்லாவிலிருந்த அந்த மரகதம் அவளை மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் கூட்டிப்போனாள். உட்காரச் சொல்லவில்லை. எட்டு மாசமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான் என்றாள். பிள்ளை ஒருநாள் அப்பாவின் போனை நோண்டும்போது 'புஷ்பம்' என்ற படத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். புருஷன் சுடலைமுத்து, அவள் யாரென்றே தெரியாது என்று சத்தியம் செய்தார். தெரியாத பெண் போனில் எப்படி வருவாள்? மரகதம் இரண்டு மாசம் அம்மா வீட்டில் போய் இருந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்காகத் திரும்பி வந்தவள். வந்த பிறகும் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

தங்கபுஷ்பம் காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். ரெஜினா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். மரகதம் புருஷனின் போனை வாங்கி வந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி தாளையும் ஒருத்தி போனையும் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்கள். இருபதும் ஒத்துப்போயிற்று. கடைசி எழுத்து முடிந்ததும் மரகதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது எதற்கென்று தங்கபுஷ்பத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மில்லை நிறுத்திவிட்டுச் சுடலைமுத்து உள்ளே வந்தார். சர்க்கரை நோயில் பார்வை போனவர். விஷயத்தைக் கேட்டதும் தன்னுடையதுதான் அசல் என்றார். திருட்டுப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் தைரியமாக வீடு தேடி வருகிறார்களே என்று முணுமுணுத்தார். புகார் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை ஆள் வந்து திறந்து பார்க்கும்போது தெரிந்துவிடும் என்று தங்கபுஷ்பமும் விடாமல் சொன்னாள்.

"திறந்து பார்ப்பாங்களா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏங்க, நம்ம பெட்டி ஆஸ்பத்திரியில வாங்கினதுதானே?"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்.

"கொம்பையாகிட்ட வாங்கினது," என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரியில என் பேரு வரிசையில வர ஏழு வருஷம் ஆகும்னாங்க. மில்லை மூடிட்டு ஏழு வருஷம் உக்காந்திருக்க முடியுமா?"

கொம்பையா. அந்தப் பேரைத் தங்கபுஷ்பம் அறிவாள். சாத்தூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். எட்டு மாசத்துக்கு முன்னால் கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டான். பால்வண்ணன் சாயங்காலங்களில் அவன் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். பெட்டியின் அடிப்பக்கம் அவள் நினைவுக்கு வந்தது. வியர்வை அத்தனை ஒழுங்காக அழிக்காது. அது பிளேடால் சுரண்டியது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் மறைத்தது உண்மை. ஆனால் மறைத்தது வேறொன்று. பெட்டியும் முகாமில் கொடுத்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்; அங்கே கம்பியை மட்டும்தான் சும்மா வைத்திருக்க வேண்டும். பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். விபத்து காகிதத்தில் இல்லாதவனுக்கு எந்தத் திட்டத்திலும் பெட்டி கிடையாது. அவன் வேறு வழி பார்த்திருக்கிறான். அவள் சந்தேகப்பட்டு, எண்ணைத் தேடி எடுத்து, தன் கையாலேயே எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டாள். பால்வண்ணன் ஒளிக்கவில்லை. சொன்னால் நீ பயந்துகொண்டே இருப்பாய், பிரஸ்ஸுக்கு அனுப்பமாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை என்றான். அவளும் முகப்பட்டியலில் பார்த்ததைச் சொன்னாள். கோவில்பட்டியைச் சந்தேகப்பட்டதையும் சொன்னாள்; அது மருந்துக்குத்தான் என்றான்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே, புஷ்பம்."

"நீங்க சொல்லியிருக்கலாமே," என்றாள் அவள்.

இரண்டும் நியாயமாக இருந்ததால் அதற்கு மேல் சண்டை போட வழியில்லாமல் போனது.

யோசனை மரகதத்திடமிருந்து வந்தது. புதன்கிழமை காலையில் போன் செய்தாள். ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால்தானே அவர்களுக்குத் தெரியும்? ஒன்று ஓடும்போது இன்னொன்று அணைந்திருந்தால்? மதியம் ஒரு மணி வரை எங்களுக்கு, அதற்கு மேல் உங்களுக்கு என்றாள். மில்லுக்குக் காலையில்தான் கூட்டம் வரும். பிரஸ்ஸில் கேட்டுப் பால்வண்ணனுக்கு மதிய ஷிப்ட் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்குப் பாதி நாள் பார்வை. முழுசாக இருட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் நாளைக்கு ஆள் வந்து பெட்டியைத் திறந்துவிட்டால் இந்தப் பாதியும் இல்லை. புகாரை இன்றே திரும்ப வாங்க வேண்டும்.

பத்து மணிக்குத் தங்கபுஷ்பமும் பால்வண்ணனும் விருதுநகர் போய்ச் சேர்ந்தார்கள். எட்டயபுரத்தின் நேரம் அது. பால்வண்ணன் பெட்டியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

புகாரைத் திரும்ப வாங்க வேண்டும் என்றதும் ரெஜினா முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். தங்கபுஷ்பம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னாள். அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. ரெஜினா நம்பவில்லை என்பது தெரிந்தது. வெளியே பெஞ்சில் தலையைச் சாய்த்து, சத்தங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஆளைக் கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்தாள். புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"புகார் யார் வேணா கொடுக்கலாம்," என்றாள் ரெஜினா. "திரும்ப வாங்குறது உரிமம் யார் பேர்ல இருக்கோ அவங்க மட்டும்தான்."

"யார் பேர்ல இருக்கு?"

புகார் வந்த பிறகுதான் பேரைக் காட்டும் என்று சொல்லிக்கொண்டே ரெஜினா எதையோ தட்டினாள். பால்வண்ணன் பேர் வராது. சுடலைமுத்து பேரும் வராது. அது தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்ததுதான். வந்த பேர் வள்ளிமயில். அருப்புக்கோட்டை. வயது எண்பத்தொன்று.

போன வருஷமே இந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள் என்று ரெஜினா வாசித்துச் சொன்னாள். தபால்காரர் 'காலமானார்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கடிதம் கோப்பில் இருக்கிறது. மென்பொருளில் அதைப் பதியவில்லை.

"ஏன் பதியல?"

"ஆள் செத்துட்டாங்கன்னு எழுத இதுல இடம் இல்லக்கா. கருவி செத்தாத்தான் கேக்கும்."

அப்படியானால் அசல் பெட்டி அந்தக் கிழவியின் காதுக்குப் பின்னால் இருந்தது. கொம்பையா அதை எங்கிருந்து பிடித்தானோ, யாரிடமிருந்து வாங்கினானோ. எடுத்து எண்ணை இரண்டு பெட்டிக்கு ஏற்றிவிட்டான். இரண்டுமே நகல். நாளைக்குத் திறந்து பார்த்தால் இரண்டு வீட்டிலும் இருட்டிவிடும். தங்கபுஷ்பத்துக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் காலை எடுத்து வைத்து வெளியே போக முடியவில்லை. வெளியே உட்கார்ந்திருப்பவனிடம் என்ன சொல்வது?

ரெஜினா சுவர் மூலையிலிருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள். போன மாசம் ஒருத்தரின் பெட்டியை இங்கே வைத்துத்தான் நிறுத்தினார்கள் என்றாள். நிறுத்தினவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போக வழி தெரியாமல் அவர் வாசற்படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அவள்தான் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டாள்.

சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு படிவத்தைத் திறந்தாள். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"அம்மா, நீங்கதானே வள்ளிமயில்?"

தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தொன்பது வயது. ரெஜினாவின் முகத்தில் எதுவும் இல்லை.

"ஆளைப் பார்க்கச் சொல்லி இதுல எங்கயும் இல்ல," என்றாள் ரெஜினா, திரையைப் பார்த்தபடி. "கருவி எண்ணும் பிறந்த தேதியும்தான் கேக்குது. எண் உங்ககிட்ட இருக்கு."

திரை லேசாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. எப்போது திருப்பினாள் என்று தெரியவில்லை.

தங்கபுஷ்பம் காலண்டர் தாளைப் பிரித்து இருபது எழுத்தையும் வாசித்தாள். பிறகு திரையில் இருந்த தேதியை வாசித்தாள். அவள் அம்மா பிறப்பதற்கும் முந்தைய வருஷம் அது. புகார் வாபஸ், உரிமம் புதுப்பிப்பு, இரண்டாவது கருவி சொந்த உபயோகத்துக்கான மாற்றுக் கருவி, இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கக்கூடாது என்று ரெஜினா ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போனாள். கடைசியில் கையெழுத்து. தங்கபுஷ்பம் பேனாவை வாங்கி, பேரை ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் எழுதியது மாதிரி மெதுவாக எழுதினாள். 'வள்ளிமயில்'.

"இனிமே ஒவ்வொரு வருஷமும் நீங்கதான் வரணும்," என்றாள் ரெஜினா. "அடுத்த வருஷம் இந்த இடத்துல நான் இருப்பேனான்னு தெரியாது."

அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்தபோது பால்வண்ணன் காலடிச் சத்தத்தைக் கண்டுபிடித்து எழுந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று கேட்டான். புகாரை வாபஸ் வாங்கியாயிற்று, நாளைக்கு யாரும் வரமாட்டார்கள், மதியம் ஒரு மணிக்குப் பெட்டியைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவன் மூச்சை விட்டான். அவள் அவன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

பத்தடி போனதும் அவன் நின்றான். கண் தெரியாத நாலு வருஷத்தில் அவள் தோள் இறுகுவதும் தளர்வதும் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"அவ்வளவு லேசுல கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துட்டாங்க."

"எதுலயும் கையெழுத்து கேக்கலையா?"

"எப்பவும் போடுறதுதான்," என்றாள் தங்கபுஷ்பம்.

அவன் முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பி, அங்கே எதையோ தேடுகிறவன் போலக் கொஞ்ச நேரம் நின்றான். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.